நடுவறைக்கு நாலு கண்ணாடி ஓடு

எங்கள் வீட்டு நடுவறையில் பட்டப்பகலிலும் சிம்னி விளக்கு எரியும். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வாசலில் இருக்கும் கடையைத் தாண்டி உள்ளே காலை வைத்தால் கண் தெரியாது. வந்தவர்கள் நிலைப்படியிலேயே நின்று கண்ணைக் கசக்குவார்கள். வீட்டில் மற்றவர்களெல்லாம் மோதாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். நான் பழகவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். உரலிலும் கதவிலும் மோதி அந்த மூக்கு எத்தனை தரம் வீங்கியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முன்னால் அத்தாவின் கடை. தேங்காய், நிலக்கடலை, கருப்பட்டி வியாபாரம். கடைக்குப் பின்னால் நடுவறை, அதற்குப் பின்னால் அடுக்களை. ஒரு பக்கச் சுவர் பெரியத்தா வீட்டோடு ஒட்டியது. அத்தாவின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுபக்கச் சுவருக்கு வெளியே பள்ளிவாசலுக்குப் போகிற சந்து. ஐந்து வேளையும் ஆண்கள் நடக்கிற வழி என்பதால் அந்தச் சுவரில் ஒரு பொந்துகூடக் கிடையாது. பின்முற்றத்தில் பெரியத்தாவின் மூட்டைகளை ஏற்றி இறக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் பகலில் அங்கே போய் உட்கார முடியாது. அடுக்களையிலோ புகை.

ஆக, அம்மாவின் பகலெல்லாம் நடுவறையில்தான் போயிற்று. துணி தைப்பது, கடலை உடைப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அந்த ஒற்றை விளக்கடியில். முறத்தில் அரிசியைப் பரப்பி விரலால் தடவித் தடவிக் கல்லை எடுப்பாள். "என் விரலுக்குக் கண்ணு இருக்குதாக்கும்" என்று பெருமை வேறு. இருட்டைப் பற்றி யாராவது கேட்டால், "கபுருக்குப் போறதுக்கு முன்னாடி இங்கயே பழகிக்கறேன்" என்பாள். மண்ணுக்குள் போகிற குழியைச் சொல்லி இப்படி வேடிக்கை பேசலாமா என்று பெரியத்தா வீட்டிலிருந்து கண்டிப்பு வரும். அம்மா அடங்க மாட்டாள். என் வாய் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அத்தா எதற்கும் அதிர்ந்து பேசாதவர். சாப்பிடும்போது மட்டும் எங்களை அதட்டுவார். "மெதுவா மெல்லுங்க. சோத்தை அவசரமா மெல்லக் கூடாது" என்பார். ஒருநாள் நான் சோற்றில் ஒரு கல்லைக் கடித்துவிட்டு "த்தூ, கல்லு" என்று கத்தினேன். அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். கல்லை எடுத்துத் தட்டோரத்தில் வைக்கக்கூட விடவில்லை, வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் தம்பியும் மெதுவாக மெல்லக் கற்றுக்கொண்டோம். மரியாதையான பிள்ளைகள் என்று ஊரில் பெயர் கிடைத்தது.

கேரளம் என்று ஒரு மாநிலம் வந்த புதிது. நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன். தம்பி கடையில் உட்காரத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் அத்தாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்துபோயிற்று. கருப்பட்டியைக் கடித்தேன், போய்விட்டது என்றார். கன்னம் வீங்கி ஒரு வாரம் கஞ்சி குடித்தார். வீக்கம் வற்றியதும் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் போனவர், மடியில் வைக்கோல் சுற்றிய ஒரு கட்டோடு வந்து இறங்கினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிரித்தால் நாலு கண்ணாடி ஓடு.

"நடுவறையில வெளிச்சம் பண்ணப் போறேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக அம்மா கேட்டது. கடலை விலை ஏறட்டும், தம்பி பெரியவனாகட்டும், எனக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. பெரியத்தா கேட்டதற்கு, சரக்கு வைக்க வெளிச்சம் வேண்டும் என்று ஒரு பொருந்தாத காரணம் சொன்னார். அம்மா காரணம் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் வாய் ஓயாமல் வேடிக்கை பேசியதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று.

மாசி மாதம் வேலை தொடங்கியது. ஒரு கொத்தனார், கலவை சுமக்க ஒரு சித்தாள். கிழக்கே வடகரப்பதிப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற பெண் அவள், என் வயதுதான் இருக்கும். வெற்றிலை போடாத நேரத்தில் பேசுவாள், பேசாத நேரத்தில் வெற்றிலை போடுவாள். அத்தாவின் திட்டம் இரண்டு. சந்துப் பக்கச் சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு ஜன்னல். கூரையில் நாலு சாதா ஓட்டை எடுத்துவிட்டு நாலு கண்ணாடி ஓடு. முதலில் சுவரை உடைத்தார்கள். இரண்டு முழ அகலத்துக்குப் பொத்தல் விழுந்தது. அம்மா சாணியும் சுண்ணாம்புமாகக் கிடந்த தரையில் நின்று, அதன் வழியாகத் தெரிந்த வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜன்னல் சட்டம் ஆசாரியிடமிருந்து வருவதற்குள் அத்தா மவுத்தாகிவிட்டார். கடையில் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். தம்பி ஓடி வந்து என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

கணவன் போய்விட்டால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அலங்காரம் கூடாது, அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது. இது மார்க்கம். எங்கள் ஊர் வழக்கம் அதற்குமேல் நாலு முழம் போகும். அவள்மேல் வெயில்கூடப் படக் கூடாது, வானத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள். கோழிக் கூண்டில் இருந்த சேவலைக்கூட ஆண் என்று பெரியம்மா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கம் ஆன மறுநாளே சந்துச் சுவரில் இருந்த பொத்தலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சிரிப்பு போய்விட்டது.

பெரியத்தா கெட்டவர் இல்லை. கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்து ஆள் பாதியாகியிருந்தார். தம்பி பொண்டாட்டியைப் பற்றி ஊர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. "இத்தா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எனக்கு அந்த வீட்டை நன்றாகத் தெரியும். அங்கே மூடியது திறந்ததாகச் சரித்திரம் இல்லை. சந்துப் பக்கம் முன்பு ஒரு கதவே இருந்ததாம். யாரோ ஒரு அத்தைக்கு அம்மை போட்டபோது, தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் என்று அடைத்தார்கள். அந்த அத்தை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், கதவு இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது. சுவர் போனது போகட்டும். கண்ணாடி ஓடு நாலும் வைக்கோலோடு கடை மூலையில் இருந்தன. அவையும் இப்போது ஏறாவிட்டால் என்றைக்கும் ஏறாது. அம்மா அந்த இருட்டிலேயே கிடந்து போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது.

சும்மா பட்டதில்லை. அம்மா பேச்சை விட்டுவிட்டாள். பெரியத்தா வீட்டிலிருந்து வந்த சோறு வந்தபடி திரும்பிற்று. நடுவறை மூலையில் வெள்ளைச் சேலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் நான் போனபோது, தொழுகைப் பாயை விரித்து விடியற்காலைச் சுபுஹு தொழுதுகொண்டிருந்தாள். விடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஒரு வேளையைத் தவறவிடாதவளுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றாகிவிட்டன.

"அம்மா, ஓடு மாட்டச் சொல்றேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "உங்கத்தாவை மண்ணுக்குள்ள இருட்டுல வச்சிட்டு வந்திருக்காங்க. எனக்கென்னடி வெளிச்சம்?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மாமேல், அத்தாமேல், இருபத்தைந்து வருஷம் ஏறாத கடலை விலைமேல். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஹஸரத்திடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். எங்கள் பள்ளிவாசலுக்கு அப்போது புதிதாக ஒரு ஹஸரத் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டுவிட்டு, பெரியத்தாவும் கூடத்தான் இருந்தார் என்று சொல்லிச் சிரித்தார்.

"என்ன சொன்னாரு?"

"அந்நிய ஆம்பளை பாக்கக் கூடாது, அவ்வளவுதான். இருட்டுல உக்காரணும்னு எந்தக் கிதாபுலயும் இல்லைன்னாரு. வெயில் என்ன ஆம்பளையான்னு உங்க பெரியத்தாவையே கேட்டாரு."

அன்று சாயங்காலமே பெரியத்தா முன்னால் போய் நின்றேன். அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"சரி, வெளிச்சம் வரட்டும்" என்றார். "ஆனா உங்கம்மா உள்ள இருக்கையில ஒரு ஆம்பளை ஓட்டு மேல ஏறி எட்டிப் பாக்கறதுக்கு நான் உடமாட்டேன். ஆம்பளை ஏறாம மாட்ட முடியும்னா மாட்டிக்க."

"அம்மா அடுக்களையில போய் இருக்கட்டும், பெரியத்தா."

"நடுச்சுவரு பாதி ஒசரம்தானே இருக்குது? மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

உண்மைதான். புகை வெளியேறட்டும் என்று அந்தச் சுவரைக் கூரைவரை எழுப்பவில்லை. அம்மாவை வெளியே அழைத்துப் போகவும் இத்தாவில் வழியில்லை. பெரியத்தா மார்க்கத்தையும் மீறவில்லை, ஓடும் ஏறாது. கெட்டிக்காரர். நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்து வழியாக வந்தேன். அங்கே அந்தச் சித்தாள், மிச்சம் கிடந்த சாந்துச் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துப் போக வந்திருந்தாள். யார்மேலாவது கொட்ட வேண்டியிருந்ததால் அவளிடம் கொட்டினேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"ஏனுங்கம்மிணி, பெரிய ராவுத்தருங்க ஏறக் கூடாதுன்னது ஆம்பளையைத்தானுங்களே?"

"ஆமா."

"நானென்ன ஆம்பளைங்களா?"

"உனக்கு ஓடு மாட்டத் தெரியுமா?"

"மாட்டுனதில்லீங்க. எடுத்து எடுத்துக் குடுத்திருக்கறனுங்க. வாங்கறவருக்கு ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை."

மறுநாள் காலையில் ஏணி வைத்தோம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கென்று ஊளையிட்டது. நான் உள்ளே உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று, மூங்கில் கழியால் எந்த ஓடு என்று தட்டிக் காட்டினேன். பெரியத்தா சந்தில் வந்து நின்றுகொண்டார். மேலே சேலையை வரிந்து கட்டிய பெண் ஒருத்தி இருக்கிறாள், அவர் நிமிர்ந்து பார்க்க முடியாது. தன் தம்பி வீட்டுக் கூரையை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. வேலை முடிகிறவரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு சந்தோஷம்.

முதல் ஓட்டை உருவியதும் ஒரு கத்தை வெயிலும் ஒரு கூடைத் தூசியும் என் தலையில் விழுந்தன. பொத்தல் வழியாக அவள் முகம் தெரிந்தது.

"ஏனுங்கம்மிணி, இந்த இருட்டுலயா குடியிருந்தீங்க? எங்கூட்டு ஆட்டுப்பட்டியே தேவலையாட்ட இருக்குதுங்க!"

மூலையில் சுவரைப் பார்த்திருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அவளை வாயை மூடிட்டு வேலையைப் பாக்கச் சொல்லுடி."

அத்தா போனதிலிருந்து அம்மா கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நாலு ஓடும் ஏறின. வரிசையாக ஏறவில்லை. மூன்று ஒரு வரிசையிலும் நாலாவது ஒன்று கீழே தனியாகவும் போய் உட்கார்ந்தன. அந்த நாலாவது சரியாகப் பதியவும் இல்லை. இறங்கி வந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று தனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டாள். பழைய ஓடு நாலும் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டும் போனாள்.

வெயில் நாலு கட்டமாகத் தரையில் விழுந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டி இன்னும் இருட்டான மூலைக்கு நகர்ந்துகொண்டாள். நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்கும் பொறுமை உண்டு என்று அந்த மாதங்களில்தான் எனக்கே தெரிந்தது.

கட்டங்கள் தினமும் காலையில் மேற்குச் சுவரில் ஏறி நின்று, மெல்ல இறங்கித் தரையில் நடந்தன. ஒருநாள் நான் மத்தியானம் போனபோது அம்மா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்து தயாராக இருந்தாள். பாங்கு இன்னும் சொல்லவில்லை. "வெயில் உரல்கிட்ட வந்தா லுஹருக்கு நேரமாச்சு" என்றாள், பல வருஷமாக அப்படித்தான் என்பதுபோல. பாய் மூலையை விட்டு ஒரு சாண் வெளியே வந்திருந்தது.

பிறகு மழை வந்தது. நாலாவது ஓடு ஒழுகியது. நான் சித்தாளைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அம்மா அதற்குள் சொட்டுக்கு நேராகக் கெண்டியை வைத்திருந்தாள். "திட்டாதடி. வெளிச்சமும் குடுத்து, ஒளு செய்யத் தண்ணியும் குடுத்திருக்கா" என்றாள். அந்த நக்கலைக் கேட்டு நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அத்தா போனபோது வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் அம்மா சொன்னாள்: "பெரியூட்டுச் சோறு போதும். நம்ம அரிசியை எடு, நானே ஆக்கறேன்."

அத்தா கடைசியாக வாங்கிப் போட்ட மூட்டை. எப்போதும் வாங்குகிற இடத்தில், எப்போதும் வாங்குகிற அதே அரிசி. முறத்தில் அளந்து போட்டுக் கொடுத்தேன். அம்மா பாயை வெயில் கட்டத்துக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல விரலால் தடவினாள். எடுத்த கற்களைப் பக்கத்தில் வைத்தாள். முடிந்தது என்று முறத்தைத் தூக்கப் போனவளின் கை அப்படியே நின்றது.

குனிந்து பார்த்தாள். முறத்தை வெயிலுக்கு நேராகச் சாய்த்தாள். ஒரு கல்லை எடுத்தாள். இன்னொன்று. அரிசி நிறத்தில், அரிசி அளவில், விரலுக்குத் தட்டுப்படாத வெள்ளைக் கற்கள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்துவிட்டது.

"இத்தனை கல்லா?" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை. "இத்தனை வருசமும் இத்தனை கல்லா போட்டேன்?"

குவியலிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"அத்தாதான் சொல்லக் கூடாதுன்னாரு."

அம்மா கூரையில் இருந்த நாலு ஓட்டையும் பார்த்தாள். பிறகு தன் கடைவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ அந்தப் பல்லு? கருப்பட்டியைக் கடிச்சேன்னாரே..."

அம்மா முதலில் சிரித்தாள். "இந்த மனுசன்... இந்த மனுசன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியத்தா வீட்டில் பேச்சு நின்றது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெயில் எங்கள் இரண்டு பேர் மேலும் பட்டது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள். கட்டம் நகர நகர அவளும் நகர்ந்தாள். அன்றைக்குப் பிற்பகல் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் சோறு வெந்தது. நான், தம்பி, என் வீட்டுக்காரர் எல்லோரும் பசியோடு உட்கார்ந்தோம். அம்மா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்றில் ஒரு கல்கூட இல்லை. நானும் தம்பியும் மெதுவாகவே மென்றோம்.